ரெண்டாவது தட்டு

2004-ஆம் வருடம், ஆயுத பூஜைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தபோது, வைட்ஃபீல்டில் இருந்த அந்த மூன்று மாடிக் கம்ப்யூட்டர் ஆபீசுக்குப் பன்னிரண்டு படங்கள் டெம்போவில் வந்து இறங்கின. காலை ஒன்பது மணி, நல்ல வெயில். பேய் வருகிற வேளையும் அல்ல, பேய் வருகிற இடமும் அல்ல. கண்ணாடிச் சுவர், ஏசி, காபி மெஷின், கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள். இங்கே நுழைய எந்தப் பேய்க்குத் தைரியம் வரும் என்று யாராவது கேட்டிருந்தால் மங்களம் வாய்விட்டுச் சிரித்திருப்பாள்.

மங்களம் அங்கே ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். நாற்பத்தேழு வயது. ஜோகுபாளையத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே புருஷனையும் பறிகொடுத்தவள். கோபக்காரி என்று பெயர். அந்தப் பெயரை அவள் கஷ்டப்பட்டுத்தான் சம்பாதித்திருந்தாள். வலது கையில் அவளுக்கு ஆறு விரல். கட்டைவிரலை ஒட்டிக் குட்டியாக இன்னொன்று. கையுறை மாட்டினால் அது மட்டும் இடம் இல்லாமல் மடங்கி நிற்கும்.

படங்களைப் பிரித்தபோதே அவள் முகத்தைச் சுளித்தாள். எல்லாம் பழைய கார் ரேஸ் படங்கள், கறுப்பு வெள்ளை. புழுதி, டயர், ஹெல்மெட் போட்ட ஆட்கள், ஓரத்தில் குடை பிடித்த கூட்டம். சுற்றிலும் அகலமான வெள்ளை மவுண்ட் அட்டை, அதற்கு வெளியே கறுப்புச் சட்டம், கீழே பேரும் வருஷமும் வெட்டிய பித்தளைத் தகடு.

"எல்லாம் பாஸோட தாத்தாதான்க்கா," என்றாள் ரிசப்ஷன் வீணா. "கணேசமூர்த்தின்னு அந்தக் காலத்துல பெரிய ரேஸ்காரராம். பூஜை அன்னைக்கு வந்து புது ஃப்ளோரைத் திறக்கறாரு. அந்தப் பழைய ரேஸ் காரையும் ரெடி பண்ணிக் கொண்டாராங்களாம்."

"கார் ரேஸ்னாலே எனக்கு ஆகாதுடி," என்றாள் மங்களம்.

ஆகாதுதான். அவளுக்கு நாலு வயதாயிருக்கும்போது, 1961-இல், ஊருக்கு வெளியே ஒரு பழைய விமானத் திடலில் நடந்த ரேஸில்தான் அவள் அப்பா இராஜமாணிக்கம் செத்தார். அடுகோடி ஏரியாவில் ஒரு கார் ஷெட்டில் மெக்கானிக். யாரோ பணக்கார வீட்டுப் பையனுக்கு, தகடு தட்டித் தட்டித் தன் கையாலேயே ரேஸ் கார் கட்டிக் கொடுத்த மனுஷன், அந்தக் காருக்கு அடியிலேயே போனார். போனதோடு விட்டார்களா? 'குடிச்சுட்டுக் குறுக்கே வந்துட்டான்' என்று போலீசில் எழுதி மூடிவிட்டார்கள். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்த கதை. அன்றிலிருந்து அம்மா குடிகாரன் பொண்டாட்டி, இவள் குடிகாரன் மகள். அம்மா சாகும்போது ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டுவிட்டுப் போனாள். "ஒருத்தராவது 'அவரு குடிக்கல'ன்னு சொல்லணும்டி." நாற்பத்து மூன்று வருஷமாக யாரும் சொல்லவில்லை.

பதினொரு படங்களைக் காரிடாரில் மாட்டினார்கள். பன்னிரண்டாவது மீட்டிங் ரூமுக்குப் போயிற்று. புறப்படத் தயாராக நிற்கும் ஒரு கார். அதற்குள் இளவயது கணேசமூர்த்தி, தூசிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். படத்தைத் துடைக்கும்போது மங்களத்துக்கு ஒன்று உறுத்தியது. ஆள் ரோட்டைப் பார்க்கவில்லை. முன்சக்கரத்துப் பக்கம் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிற இடத்தில் மவுண்ட் அட்டைதான் இருந்தது.

மறுநாள் காலையில் ஹரிஷ் கூப்பிட்டார். முப்பது வயது முதலாளி. கோபம் வந்தால் பேச்சில் மரியாதை இன்னும் கூடும்.

"என்னங்க இது? மீட்டிங் ரூம் பூரா லெமன் வாசனை. அதோட பெட்ரோல் வேற. எந்த ஃப்ளோர் க்ளீனர் போடறீங்க?"

"நம்மகிட்ட இருக்கறது வெறும் பெனாயில் சார். லெமன் ஸ்டோர்லயே இல்ல."

"அப்ப எனக்குத்தான் மூக்கு சரியில்லையா?"

மூக்கு சரியாகத்தான் இருந்தது. கதவைத் திறந்ததும் மங்களத்துக்கும் அடித்தது. அப்போதுதான் கையால் நசுக்கிய எலுமிச்சம்பழத்தின் வாசனை, அதற்கு அடியில் பச்சைப் பெட்ரோல். ஏசி ஓடுகிற ரூமில் அந்த வாசனை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏனென்றால் எலுமிச்சம்பழம் அவளுக்கு வெறும் பழம் அல்ல. அப்பாவின் உடம்பு வீட்டுக்கு வந்தபோது வலது கை மூடியே இருந்ததாம். அம்மா விரல் விரலாகப் பிரித்தாள். உள்ளே நசுங்காத முழு எலுமிச்சம்பழம் ஒன்று. ரேஸ் தொடங்கும் முன் முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு பழம் வைப்பது அவர் வழக்கம். வைத்துவிட்டு எழுந்து பானெட்டில் ரெண்டு தட்டுத் தட்டுவார். தட், தட். ரெண்டாவது தட்டு விழுந்த பிறகுதான் வண்டி எடுக்கலாம். அது அவர் போட்ட சட்டம்.

"பழம் வைக்கத்தாங்க குனிஞ்சிருக்காரு," என்று அம்மா ஒவ்வொருவர் காலிலும் விழுந்து சொன்னாள். அதற்கு அந்தப் பாவிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? போதை தெளிய உச்சந்தலையில் தேய்க்கத்தான் எலுமிச்சம்பழம் வைத்திருந்தானாம்! அவருடைய ஒரே சாட்சியையே அவருக்கு எதிராகத் திருப்பினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கையில் இருந்த பழம்தான் அவரைக் குடிகாரன் ஆக்கிற்று.

மூன்றாம் நாள் மத்தியானம், மங்களம் தனியாக மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தட். தட்.

திரும்பினாள். ரூமில் யாரும் இல்லை. ஏசி மெதுவாக இரைந்துகொண்டிருந்தது. படத்தின் கண்ணாடியில் மட்டும், பானெட்டுக்கு நேராக, கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள். கிரீஸ் கை ஒன்று பதிந்திருந்தது. துணியால் அழுத்தித் துடைத்தாள், போகவில்லை. மருந்து அடித்துத் துடைத்தாள், அப்போதும் போகவில்லை.

அது உள்பக்கம் இருந்தது.

சத்தம் கேட்டு வீணா வந்து எட்டிப் பார்த்தாள். விரலை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"அக்கா... ஆறு."

இருவரும் மங்களத்தின் வலது கையைப் பார்த்தார்கள்.

ஹரிஷ் வந்தார். அவரும் அதையேதான் பார்த்தார். "இந்த ஆபீஸ்ல வேற யாருக்குங்க ஆறு விரல்?"

"கண்ணாடிக்கு உள்ள சார் இருக்கு! உள்ள எப்படி சார் கைய வுடுவேன்? நான் என்ன மந்திரவாதியா?"

அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். முகம் மாறியது. ஆனாலும் முதலாளி, ஒத்துக்கொள்ள முடியுமா? "ஃப்ரேம் பண்ணவன்தான் கை வெச்சிருப்பான். அவன் உங்க ஆளுதானே, நீங்கதானே சிபாரிசு பண்ணீங்க? அதோட மவுண்ட்டும் நழுவியிருக்கு, பாருங்க."

நழுவித்தான் இருந்தது. படத்தின் கீழ் ஓரத்தில், மவுண்ட் அட்டைக்கு மேலே, ஓர் உச்சந்தலை தெரிந்தது. அடர்ந்த சுருட்டை முடி. யாரோ அட்டைக்குப் பின்னால் குந்தியிருந்தவன் கொஞ்சம் எழுந்த மாதிரி.

நேற்று அது அங்கே இல்லை. மங்களம் சத்தியம் பண்ணுவாள்.

"தாத்தா வர்றதுக்குள்ள சரி பண்ணிக் கொண்டு வாங்க. இல்லன்னா ஏஜென்சிகிட்ட சொல்லி வேற ஆள் கேட்டுக்கறேன்," என்று சொல்லிவிட்டு ஹரிஷ் போய்விட்டார்.

அவள் படத்தை பபிள் ஷீட்டில் சுற்றி, ஆட்டோ பிடித்து, மடியில் வைத்துக்கொண்டு ஜோகுபாளையம் கிளம்பினாள். மத்தியான டிராஃபிக்கில் ஹார்ன் காதைப் பிளந்தது. மாரத்தஹள்ளி பாலம் தாண்டும்போது தொடையில் எதுவோ பட்டது.

தட்.

ஆட்டோ குலுங்கியதோ என்று நினைத்தாள். ஆட்டோ சிக்னலில் நின்றுகொண்டிருந்தது.

தட்.

உள்ளேயிருந்துதான். குழந்தை வயிற்றில் உதைக்கிற மாதிரி. ஆனாலும் படத்தை மங்களம் கீழே வைக்கவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மதலைமுத்துவின் ஃப்ரேம் கடை மாதா கோயில் சந்தில் இருந்தது. ஒரு பக்கம் சாமி படம், ஒரு பக்கம் ஏசு படம், நடுவில் மாலை மாட்ட ஆணியும் சின்ன பல்பும் வைத்த செத்தவர் படங்கள். முப்பது வருஷமாகச் சட்டம் அடிப்பவர். தன் வேலையைக் குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"நழுவிச்சா? என் கையால ஒட்டினது நழுவிச்சா? கொடு இங்க!"

படத்தைக் கவிழ்த்து, பின்பக்கத்துப் பிரவுன் காகிதத்தைக் கிழித்து, ஆணிகளைப் பிடுங்கி, அட்டையை எடுத்தார். குனிந்து பார்த்தார். டேப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"என்னண்ணே?"

"டேப்பு போட்டது போட்டபடி இருக்கு தங்கச்சி. பென்சில் குறி கூட அதே இடத்துல இருக்கு. படம் ஒரு நூல் நகரல."

"அப்ப அந்தத் தலை எப்படி மேல வந்துச்சு?"

மதலைமுத்து நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த ஒரு படத்துக்கு மட்டும் அந்தப் பெரியவரு நேர்லயே வந்தாரு. கீழ ஒரு ஆளு குந்திக்கினு இருக்கான், அவன் தெரியக் கூடாதுன்னு அவரே பென்சில்ல கோடு இழுத்துக் குடுத்தாரு. படத்துல அந்த மாதிரி யாரையாச்சும் மறைக்கச் சொன்னா நான் கேக்கறது வழக்கம், 'உசுரோட இருக்காரா, இல்லையா?'ன்னு. கேட்டேன். 'அவன் ஒரு குடிகாரன், அவனுக்கு என்ன?'ன்னாரு."

மங்களத்தின் காதில் குப்பென்று ரத்தம் ஏறியது.

"மவுண்ட்டை எடுங்கண்ணே."

"தங்கச்சி..."

"எடுங்கன்றேன்!"

அவர் வெள்ளை அட்டையைத் தூக்கினார்.

முழுப் படம். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் காக்கி அரை டிராயர் போட்ட ஒரு மனுஷன் குந்தியிருந்தார். வலது கை சக்கரத்தடிக்கு நீண்டிருந்தது. ஐந்து விரலும், கட்டைவிரலை ஒட்டி ஒரு குட்டி விரலும். விரல்களுக்கு நடுவே வெளுப்பாக ஒரு பழம். அவருக்குப் பின்னால், தூரத்தில், கொடிக்காரன், புறப்படச் சொல்லும் கொடியைக் கீழே இறக்கியிருந்தான். காருக்குள் கணேசமூர்த்தி குனிந்து அந்த மனுஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பார்த்திருக்கிறான். பாவி, பார்த்திருக்கிறான்.

மங்களம் வேலை மேஜையில் ஓங்கி அறைந்தாள். ஆணி டப்பா கவிழ்ந்து ஆணியெல்லாம் தரையில் சிதறியது. "அது எங்கப்பன்ணே! குடிச்சவனா இப்படிக் குந்தி நிதானமா பழம் வெப்பான்? இவன் கண்ணால பாத்துக்கினே ஏத்தியிருக்கான்ணே! பொணத்த ஓரமா எடுத்துப் போட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி ரேஸ் வுட்டாங்களாம், அதுல ஜெயிச்சதும் வண்டிய ஏத்தினவனேதான்னு அம்மா சொல்லும், அது இவன்தான்! அந்தப் படத்தையே செவுத்துல மாட்டி அழகு பாக்கறான். எங்கப்பன மட்டும் அட்டை வெச்சு மூடிட்டான்!"

அவள் அழவில்லை. அழுகை வர வேண்டிய இடத்திலெல்லாம் கோபம் வந்து உட்கார்ந்திருந்தது. மதலைமுத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார், அதைக் கையால் தள்ளினாள்.

"மவுண்ட்ட அகலமா வெட்டுங்கண்ணே. ஆளு முழுசாத் தெரியணும்."

"பெரியவரு கேட்டா?"

"கேக்கட்டும்ணே. வந்து கேக்கட்டும்."

ஆயுத பூஜை அன்று ஆபீசே கோயிலாகிவிட்டது. கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம், குங்குமம். ஜெராக்ஸ் மெஷினுக்கு மாலை. காபி மெஷினுக்குக் கூட யாரோ பொட்டு வைத்திருந்தார்கள். மங்களம் எல்லோருக்கும் முன்னால் வந்து, மீட்டிங் ரூம் சுவரில் படத்தை மாட்டினாள். பொரிப் பொட்டலம் கட்டுகிற அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. கண்ணாடிக்கு உள்ளே இருந்த கிரீஸ் கை காணாமல் போயிருந்தது. எலுமிச்சை வாசனையும் இல்லை. அது அவளுக்கு நிம்மதியாக இல்லை. எங்கேயோ கிளம்பிப் போயிருக்கிற மாதிரி இருந்தது.

பதினொரு மணிக்குப் பெரியவர் வந்தார். எழுபத்தைந்து வயது, கோல் ஊன்றாத நடை, பட்டு ஜிப்பா. வாசல் போர்ட்டிகோவில் அந்தப் பழைய கார் பளபளவென்று நின்றது. நீண்ட அலுமினிய மூக்கு, பானெட்டைக் கட்டிய தோல் வார். மங்களம் அந்தத் தகட்டைப் பார்த்தாள். ஒவ்வொரு அங்குலமும் அப்பா சுத்தியால் தட்டியது. அதைத் தொட வேண்டும் போல் கை பரபரத்தது.

"மங்களம், நாலு வீல்லயும் லெமன் வைங்க," என்றார் ஹரிஷ். "சும்மா ஃபோட்டோவுக்குத்தான். வண்டில பெட்ரோலும் இல்ல, பேட்டரியும் இல்ல. பின்னால இருந்து நம்ம பசங்க லேசாத் தள்ளுவாங்க."

கணேசமூர்த்தி காருக்குள் இறங்கி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அறுபது எழுபது பேர் சுற்றி நின்று கைதட்டினார்கள். மங்களம் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். பின்சக்கரங்களுக்கு ரெண்டு பழம், இடது முன்சக்கரத்துக்கு ஒன்று. கடைசிப் பழத்தோடு வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். கையுறையைக் கழற்றினாள். வலது கையை நீட்டினாள்.

நீட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் இருந்த அதே சிரிப்பு. பார்வை அவள் கையில் விழுந்தது. சிரிப்பு அப்படியே வடிந்து போயிற்று.

"இந்தக் கை..."

"அடுகோடி ஷெட்டு இராஜமாணிக்கம் பொண்ணு சார் நானு."

உச்சி வெயில். தரையில் மங்களத்தின் நிழல் குட்டையாக, குந்தியபடி விழுந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு நிழலும் குந்தியிருந்தது.

குப்பென்று எலுமிச்சை வாசனை எழுந்தது.

பெட்ரோல் இல்லாத எஞ்சின் உறுமியது.

கைதட்டல் நின்றது. யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நடுங்கியது. கயிற்றை அறுக்கப் பார்க்கிற மாடு மாதிரி முன்னுக்கு இழுத்தது. ஆனால் நகரவில்லை.

"எழுந்திருங்கக்கா!" என்று வீணா அலறினாள். "அக்கா, வெளிய வாங்க!"

மங்களம் எழவில்லை. சக்கரம் அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பயத்தைவிடக் கோபம் ஒரு பிடி அதிகம் இருந்தது.

"தாத்தா, இறங்குங்க!" ஹரிஷ் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். பெரியவரின் கைகள் ஸ்டீயரிங்கை விட்டு வரவில்லை. அவர் ஹரிஷைப் பார்க்கவும் இல்லை. மங்களத்துக்குப் பக்கத்தில், யாருமே இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டச் சொல்லு," என்று முனகினார். "ரெண்டு தட்டு. தட்டாம எடுக்கக் கூடாது. அவன் சொல்லியிருக்கான். கால் தன்னாலயே அழுத்தப் பாக்குது... தட்டச் சொல்லும்மா."

"எங்கப்பா குடிச்சிருந்தாரா?"

"வேண்டாம்..."

"குடிச்சிருந்தாரான்னு கேட்டேன்!"

எஞ்சின் இன்னும் உரக்க உறுமியது. பெரியவரின் வாயோரம் எச்சில் வழிந்தது. "இல்ல."

"எல்லாருக்கும் கேக்கட்டும்."

"குடிக்கல!" என்று கத்தினார். அந்தக் குரல் கண்ணாடிச் சுவரில் மோதித் திரும்பியது. "அவன் குடிக்கவே மாட்டான். கொடி விழுந்துடுச்சு. அவன் எழுந்திருக்கற வரைக்கும் இருந்தா ரெண்டு செகண்ட் போயிடும். ரெண்டே செகண்ட்... பாத்துட்டுத்தான் எடுத்தேன். குடிகாரன்னு நான்தான் எழுதச் சொன்னேன்."

அறுபது எழுபது பேர் கேட்டார்கள். வாட்ச்மேன் கேட்டார், பூசாரி கேட்டார், பேரன் கேட்டார். மங்களத்தின் அம்மா மட்டும் கேட்கவில்லை. அதை நினைத்தபோதுதான் மங்களத்துக்கு முதன்முதலாகக் கண் கலங்கியது.

பழத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவள் எழுந்தாள். அப்பா தட்டிய தகட்டில், ஆறு விரலும் பதிய, ஓங்கி அடித்தாள்.

தட்.

பெரியவர் கழுத்தைச் சாய்த்து அடுத்த தட்டுக்குக் காத்திருந்தார். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு," என்றார் அவர், கெஞ்சினார். "இன்னொண்ணு இருக்கே..."

"அது என் வேலை இல்ல சார். அவரு கட்டின வண்டி. ரெண்டாவத அவரே தட்டுவாரு."

எஞ்சின் பட்டென்று அடங்கியது. நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கினார்கள். உட்கார்ந்த வாக்கிலேயே விறைத்தபடி வந்தார். வலது கால் மட்டும், ஆக்ஸிலேட்டர் பெடலுக்கு மேலே தூக்கிப் பிடித்த மாதிரி, அந்தரத்தில் நின்றது. கார் ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்று எல்லோரும் சாட்சி. ஆனாலும் மூன்று சக்கரத்துக்கு அடியிலும் பழம் சக்கையாகியிருந்தது. நாலாவது பழம் நசுங்காமல் மங்களத்தின் மூடிய இடது கைக்குள் இருந்தது. அவள் அதை வைக்கவே இல்லை.

மறுநாள் ஹரிஷ் கூப்பிட்டு அந்தப் படத்தைக் கொடுத்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "எடுத்துட்டுப் போயிடுங்கம்மா, ப்ளீஸ். இங்க வேண்டாம்." அவள் வாங்கிக்கொண்டாள். மதலைமுத்து பழைய பித்தளைத் தகட்டைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக ஒன்று அடித்துக் கொடுத்தார். 'இராஜமாணிக்கம், மெக்கானிக். குடித்திருக்கவில்லை.'

இப்போது அது ஜோகுபாளையத்தில் அவள் வீட்டுச் சுவரில், அம்மா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அம்மா படத்துக் கண்ணாடியில் குங்குமப் பொட்டு இருக்கிறது, மாலை இருக்கிறது, சின்ன பல்பு எரிகிறது. அப்பா படத்தில் ஒன்றும் இல்லை. "ஏன்க்கா பொட்டு வெக்கல?" என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள்.

"அவருக்கு இன்னும் வேலை முடியல," என்கிறாள் மங்களம்.

படத்தில் அப்பா இப்போது குந்தியிருக்கவில்லை. எழுந்து நிற்கிறார். வலது கை பானெட்டுக்கு மேலே ஓங்கியிருக்கிறது. தீபாவளிக்குப் பார்த்தபோது கைக்கும் தகட்டுக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி இருந்தது. பொங்கலுக்கு ஒரு விரல். காருக்குள் இருக்கிற கணேசமூர்த்தி சிரிப்பதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று.

போன வாரம் வீணா வந்திருந்தாள். பெரியவர் இன்னும் அப்படியேதான் இருக்கிறாராம். டாக்டர்கள் எத்தனை பேர் அழுத்தியும் கீழே இறங்காத அந்த வலது கால், இப்போது தன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறதாம். தூங்குவதே இல்லையாம். கதவை யாராவது லேசாகத் தட்டினால்கூட உடம்பெல்லாம் வியர்த்து, "ஒண்ணுதானே? ஒண்ணுதானே தட்டினீங்க?" என்று அலறுகிறாராம்.

வீணா போன பிறகு மங்களம் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். கைக்கும் பானெட்டுக்கும் நடுவில் நூல் அளவு வெளிச்சம் பாக்கி இருந்தது. வீடெங்கும் எலுமிச்சை வாசனை.

"அவசரமே இல்லப்பா," என்றாள். "மெதுவாத் தட்டு."

கண்ணாடிக்கு உள்பக்கம், அவள் துணி வைத்திருந்த இடத்துக்கு நேராக, ஆறு விரல் ஈரமாகப் பதிந்தது.